கொக்குவில் குடும்பம் குழு: மாமா ஏன் கதிரையில் இருப்பதில்லை

புதன், காலை 6.50

மாமி: பிள்ளைகள், உங்கள் மாமா கொஞ்ச நாளாகக் கதிரையில் இருப்பதே இல்லை. உதயன் பேப்பரையும் நின்றுகொண்டுதான் வாசிக்கிறார். கேட்டால் நாரிப்பிடிப்பாம். நேற்றுச் சாரத்தில் இரத்தம் கண்டேன்.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: இதெல்லாம் குழுவில் போடுகிற விஷயமா?

குஞ்சியம்மா: அண்ணை, அது மூலச்சூடு. இந்த வெயிலுக்கு வராமல் என்ன செய்யும்? துத்தி இலையை நல்லெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டுங்கோ. கரணைக்கிழங்கும் சாப்பிடுங்கோ.

கனடா அண்ணை: மாமா, ஒரே ஊசியில் மூலம் குணம் என்று ஒரு வீடியோ வந்தது. அனுப்பவா?

நேர்ஸ் அக்கா: அனுப்பாதேங்கோ. ஒருவரும் ஒன்றும் கட்டவும் வேண்டாம். கிழங்கு சாப்பிடலாம், நார்ச்சத்துத்தானே. மாமா, வெட்கப்படாமல் சொல்லுங்கோ. வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா? இரத்தம் சொட்டுச் சொட்டாக விழுகிறதா, கழுவும்போது கையில் படுகிறதா?

மாமா: கையில் படும், அவ்வளவுதான். வலிதான் பிள்ளை தாங்க முடியவில்லை. கண்ணாடித் துண்டு கிழித்துக்கொண்டு வருவது போல. முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் எரியும். அந்தப் பயத்தில் போகாமல் அடக்கிக்கொண்டு இருக்கிறேன். பாமசியில் சொன்னேன், மூலக் கிறீம் என்று ஒன்று தந்தார்கள். பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

நேர்ஸ் அக்கா: நீங்கள் சொல்வதைக் கேட்டால் மூலம் போலத் தெரியவில்லை, வெடிப்பு போலத்தான் இருக்கிறது. உள்மூலம் இருக்கிற இடத்தில் வலி உணரும் நரம்பு இல்லை, அதனால் அது பெரும்பாலும் வலிக்காமல் இரத்தம் மட்டும் போகும். வெடிப்பு என்பது மலவாசல் தோலில் விழுகிற கிழிசல். இறுகிய மலம் கிழிக்கும், வலியில் அங்குள்ள தசை இறுகும், தசை இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், காயம் ஆறாது. நீங்கள் அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும். சுற்றிச் சுற்றி அதேதான்.

குஞ்சியம்மா: முளை ஒன்று தடவினால் தெரிகிறது என்று அண்ணி எனக்குச் சொன்னாவே. அது மூலம் இல்லாமல் என்ன?

மாமா: ஊர் முழுக்கச் சொல்லியாயிற்றா?

நேர்ஸ் அக்கா: குஞ்சியம்மா, வெடிப்பு நாட்பட்டால் அதன் ஓரத்தில் தோல் தடித்துத் தொங்கும். மூலமுளை என்று ஆட்கள் ஏமாறுவது அதில்தான். பார்க்காமல் ஒருவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. போதனா வைத்தியசாலையில் காட்டுவோம் மாமா. இப்போதைக்கு அகன்ற பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு 10, 15 நிமிடம் இருங்கோ, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம். உப்பு வேண்டாம், டெட்டோல் வேண்டவே வேண்டாம். வலிக்குப் பனடோல் பரவாயில்லை, கொடின் கலந்த குளிசை மலத்தை இறுக்கும்.

கனடா அண்ணை: பயப்படாதேங்கோ மாமா, எனக்கு வந்தது இதைவிட மோசம். பக்கத்தில் கட்டி ஒன்று வந்து விண் விண் என்று தெறித்தது, காய்ச்சலும். அன்ரிபயோட்டிக்கை விழுங்கிக்கொண்டு படுத்திருந்தேன். கடைசியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். சில மாதத்தில் அதே இடத்தால் ஈரம் கசியத் தொடங்கியது, துணியெல்லாம் பழுதாகும்.

நேர்ஸ் அக்கா: அது பவுத்திரம். உள்ளுக்கிருந்து தோலுக்கு ஒரு சுரங்கம் விழுந்துவிடும், மருந்தால் மூடாது. ஆழமில்லாவிட்டால் திறந்துவிடுவார்கள். மலத்தை அடக்கும் தசையைக் கடந்து போனால் எம்ஆர்ஐ எடுத்துப் பாதையைப் பார்த்து, நூல் போட்டு மெதுவாகச் செய்வார்கள். அவசரப்பட்டு தசையை வெட்டினால் பிறகு மலம் அடங்காது. சீனி வருத்தம் உள்ள ஆட்களும் குழுவில் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: அந்த இடத்தில் வீக்கமும் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதேங்கோ, அன்றிரவே போங்கோ.

வெள்ளி, பகல் 1.15

மாமா: போய்வந்தாயிற்று. இதற்குத்தானா இவ்வளவு பயந்தேன்? இடது பக்கம் சரிந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார்கள். திரை இழுத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார் சேர்ஜன். வெடிப்புத்தான், பின்பக்கம். முளை வெறும் தோல். வலி இருப்பதால் இன்றைக்கு விரல் விட்டுப் பார்க்கவில்லை, ஆறின பிறகு குழாய் வைத்து உள்ளே பார்க்கிறாராம். வயதையும் இரத்தம் போனதையும் சொல்லிப் பெருங்குடலையும் கமராவால் பார்ப்போம் என்றார்.

நேர்ஸ் அக்கா: கொலனொஸ்கோப்பி. வெடிப்பு இருக்கிறது என்பதால் மேலே வேறொன்றும் இல்லை என்று ஆகாதே, அதற்குத்தான். மருந்து என்ன?

மாமா: டில்டியாசெம் 2 வீதப் பூச்சு, ஒரு நாளைக்கு இரண்டு தரம், 6 முதல் 8 கிழமை. தசையைத் தளர்த்துமாம். ஜீடிஎன் என்று வேறொன்றும் இருக்கிறதாம், அதற்குத் தலையிடி வருமாம்.

நேர்ஸ் அக்கா: ஓம், நெஞ்சு வருத்தக்காரர் நாக்குக்குக் கீழே வைக்கிற அதே மருந்து. அதைப் பூசுகிறவர் வயக்ரா தொடவே கூடாது, பிரஷர் திடீரென்று விழுந்துவிடும்.

கனடா அண்ணை: மாமா குறித்துக்கொள்ளுங்கோ.

மாமா: நீ உன் வேலையைப் பார்.

நேர்ஸ் அக்கா: வலி குறைந்துவிட்டது என்று பாதியில் பூச்சை நிறுத்தாதேங்கோ மாமா, வெடிப்பு திரும்ப வரும். அப்படியும் ஆறாவிட்டால்தான் உள்தசையில் சிறிதளவு வெட்டித் தளர்த்துகிற சத்திரசிகிச்சை. நன்றாகப் பலன் தரும், ஆனால் சிலருக்குக் காற்று அடக்குவது கொஞ்சம் சிரமமாகும், அதனால்தான் முதலே செய்வதில்லை. மாமி, வெள்ளை மாப் புட்டைக் கொஞ்ச நாள் விடுங்கோ. குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, பழம். இசப்கோல் என்கிற நார்த்தூள் எடுத்தால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைக்கும். போனோடு கொமோட்டில் இருப்பதும் நிற்கவேண்டும்.

மாமி: அதை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

மாமி: பிள்ளை, ஒன்று கேட்கவா? எனக்கு வலி ஒன்றும் இல்லை. ஆனால் சில வேளை சொட்டுச் சொட்டாக விழும். கனகாலமாக. வலிக்காததால் விட்டுவிட்டேன்.

நேர்ஸ் அக்கா: மாமி! களைப்பு என்று இரும்புக் குளிசை எடுக்கிறீர்களே, அது எவ்வளவு காலம்?

மாமி: பொங்கலுக்கு முன்னிருந்து.

நேர்ஸ் அக்கா: இரத்தம் குறைகிறது என்று குளிசை தந்தவருக்கு, இரத்தம் போகிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. மாமாவைவிட நீங்கள்தான் முதலில் போயிருக்க வேண்டியவர். உள்மூலமாக இருக்கலாம். அப்படியென்றால் சின்ன இறப்பர் வளையம் போடுவார்கள், மயக்க மருந்து தேவையில்லை, ஒரு கிழமை பத்து நாளில் முளை காய்ந்து விழும். ஆனால் மூலம்தான் என்று நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதேங்கோ. இரத்தம் சோதித்து, கொலனொஸ்கோப்பி செய்து பார்த்த பிறகு சொல்லட்டும். மெலிந்தீர்களா? வழக்கத்துக்கு மாறாக வயிற்றாலை போகிறதா, மலம் இறுகுகிறதா?

மாமி: சட்டை கொஞ்சம் தளர்வுதான். கோவில் விரதம் என்று நினைத்தேன்.

மாமா: திங்கள் காலமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

நேர்ஸ் அக்கா: நானும் வருகிறேன். குளிசைப் பெட்டியைக் கையில் எடுத்து வாங்கோ மாமி. மாமா, நீங்கள் பேசினையும் தண்ணீரையும் மறக்காதேங்கோ.

குஞ்சியம்மா: ஞாயிறு இரவுக்குக் குரக்கன் புட்டு நான் அவித்து அனுப்புகிறேன். பீட்ரூட் கறி வைக்கவில்லை, மலம் சிவப்பாகப் போனால் இரத்தமோ என்று டொக்டர் கேட்கும்போது குழப்பம்.