ரோமின் சாதாரண மனிதர் யாரையாவது சந்தித்தீர்களா?

அடுப்படி:

என் அப்பா நாற்பது ஆண்டுகள் பேக்கரி நடத்தியவர். விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசையும் சத்தத்தில் வளர்ந்தவன் நான். சென்ற ஆண்டு அலுவலக வேலையாக ரோமுக்குப் போனபோது கொலோசியத்தைப் பார்க்காமல் இல்லை. வெயில், வரிசை, கூட்டம். அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

நான் தங்கிய இடம் போர்த்தா மஜ்ஜோரே என்ற பழைய நகர வாசலுக்குப் பக்கம். கிளாடியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 52-இல் முடித்த இரண்டு நீர்க்கால்வாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த வாசலின் தலைமேல் போகின்றன. கீழே டிராம்கள் கிறீச்சிட்டுத் திரும்புகின்றன. டிராமுக்குக் காத்திருந்தபோதுதான் வாசலை ஒட்டி ஒரு விசித்திரமான கல் கட்டடத்தைக் கவனித்தேன். சுவர் முழுக்க வட்ட வட்டமான துளைகள், அண்டாக்களைப் படுக்கவைத்து அடுக்கியதுபோல. தண்ணீர்த் தொட்டி ஏதோ என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தேன். உச்சியில் ஓடும் சிற்பப் பட்டையில் எங்கள் வீடு இருந்தது!

கழுதை திரிகையைச் சுற்றுகிறது. ஒருவர் மாவு சலிக்கிறார். நீண்ட மேசையின் இரு பக்கமும் நின்று உருண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் நீளப் பிடி போட்ட பலகையால் அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிறார். அந்த உடம்பு வளைவை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கடைசியில் ஆள் உயரத்துக்குத் தராசு.

அது மார்க்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிக் காலம். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்று பெயரை வைத்து அறிஞர்கள் கருதுகிறார்கள். ரொட்டி சுடுபவர், ஒப்பந்தக்காரர் என்று கல்வெட்டே சொல்கிறது. அதன் கடைசிச் சொல்லுக்கு ‘அதிகாரியின் உதவியாளர்’ என்று ஒரு பொருள், ‘பார்த்தாலே தெரிகிறதே’ என்று இன்னொரு பொருள். என் அப்பாவைக் கேட்டால் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்.

அந்தத் துளைகள் மாவு பிசையும் பாத்திரங்கள் என்கிறார்கள் பலர். மரக்கால் போன்ற தானிய அளவைகள் என்று சொல்பவர்களும் உண்டு. நான் பிசையும் பாத்திரக் கட்சி. கைத்தொழில்காரர்களை ரோமானிய அரசியல்வாதி சிசரோ இழிவாக எழுதிய அதே நூற்றாண்டில், இரண்டு சாலைகள் கூடும் இடத்தில், போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படும்படி ஒருவர் தன் தொழிலைக் கல்லில் அடித்து நிறுத்தியிருக்கிறார். பிற்காலத்தில் நகர மதிலின் கோபுரம் ஒன்று அதை மூடிக்கொண்டது. 1838-இல் கோபுரத்தை இடித்தபோது மனிதர் மறுபடியும் வெளியே வந்தார்.

அரசர்களையும் தளபதிகளையும் விட்டுவிடுவோம். இப்படி ஓர் ஆளை நீங்கள் எங்கேயாவது சந்தித்ததுண்டா?

தென்மராட்சி:

அண்ணா, அவருடைய மனைவி என்று கருதப்படும் அதிஸ்தியாவை விட்டுவிட்டீர்கள். அங்கே கிடைத்த இன்னொரு கல்வெட்டு, ‘அவள் உடலில் எஞ்சியவை இந்தப் பனாரியத்தில் இருக்கின்றன’ என்று சொல்கிறது. பனாரியம் என்றால் ரொட்டிக்கூடை. லத்தீனில் ரொட்டிக்குப் ‘பானிஸ்’. அது போர்த்துக்கீசர் வாயில் ‘பாவ்ங்’ ஆகி, எங்கள் இலங்கைத் தமிழில் ‘பாண்’ ஆனது. காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும்போது ரோமை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கிலாந்தின் வடகிழக்கில் தாதியாக வேலை செய்கிறேன். இரவுப் பணி முடிந்த ஒரு நாள் தூக்கம் வராமல் சவுத் ஷீல்ட்ஸில் உள்ள ரோமானியக் கோட்டைக்குப் போனேன். அதன் அருங்காட்சியகத்தில் இரண்டாம் நூற்றாண்டின் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. பிரம்பு நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் கதிர், ஒரு பக்கம் கம்பளிக் கூடை, மறு பக்கம் நகைப்பெட்டி. முகம் மட்டும் உடைந்து போயிருக்கிறது. பெயர் ரெஜினா, வயது முப்பது. தெற்கு பிரிட்டனின் கட்டுவெல்லானி இனத்தவள். அவளை வாங்கி, விடுதலை செய்து, மணந்துகொண்டவன் பராத்தெஸ், சிரியாவின் பல்மைரா நகரத்தான்.

லத்தீன் வரிகளில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று அங்கே ஒருவர் சொன்னார். அதற்குக் கீழே பல்மைரா எழுத்தில் ஒரே ஒரு வரி. அது பிழையில்லாமல், அழகாக ஓடுகிறது. ‘ரெஜினா, பராத்தெஸ் விடுவித்தவள், ஐயோ.’

அந்த ஊரில் அதை எத்தனை பேரால் வாசிக்க முடிந்திருக்கும்? இங்குள்ள மயானத்தில் எங்கள் ஆட்களின் கற்களிலும் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி இருக்கும். நான் நெடுநேரம் அங்கேயே நின்றேன். காவலாளி வந்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார்.

வெள்ளாவி:

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் தாத்தா ஊருக்குத் துணி வெளுத்தவர். உவர்மண், வெள்ளாவிப் பானை, ஆற்றங்கரைக் கல். அந்தக் கரையில்தான் என் அப்பா படித்தார்.

பொம்பேயில் அபொந்தான்சா வீதியில் ஸ்தெஃபானுஸின் சலவைக்கூடம் இருக்கிறது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர் அது. பின்பக்கம் தொட்டிகள், அவற்றை ஒட்டி ஓர் ஆள் நின்று மிதிப்பதற்கான குழிகள். வழிகாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு, ‘ரோமானியர்கள் சிறுநீரில் துணி துவைத்தார்கள்’ என்றார். குழு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புளித்த சிறுநீரில் அம்மோனியா உண்டு, அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். உவர்மண் செய்யும் அதே வேலை. அதில் நாள் முழுக்க வெறுங்காலோடு நின்று மிதித்தவர்களின் பாதம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தாத்தாவின் விரலிடுக்குகளுக்கு மருந்து தடவியிருக்கிறேன்.

வெஸ்பாசியன் பேரரசர் அந்தச் சிறுநீருக்கும் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது ஒரு காசை அவர் மூக்கருகே நீட்டி, ‘நாறுகிறதா?’ என்று கேட்டதாகக் கதை. வழிகாட்டி அதையும் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். வெள்ளை வெளேர் என்று தோகா என்ற மேலாடை உடுத்தி மன்றத்துக்குப் போனவர்களின் வெண்மை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் மனம் கொஞ்சம் ஆறியது. ஒரு சலவைக்கூடத்திலிருந்து எடுத்த ஓவியங்கள். ஒருவன் பிரம்புக் கூண்டைத் தலையில் கவிழ்த்தபடி, கையில் கந்தகச் சட்டியோடு வருகிறான். கூண்டின் மேல் துணியைப் போர்த்திப் புகை போட்டால் வெளுக்கும். நம் வெள்ளாவி நீராவி, அவர்களுடையது கந்தகப் புகை. கூண்டின் உச்சியில் ஓர் ஆந்தை. மினர்வா தேவியின் பறவை அது, அவள்தான் வெளுப்பவர்களின் தெய்வம். பொம்பேய்ச் சுவர் ஒன்றில் எவனோ, ‘வெளுப்பவர்களையும் ஆந்தையையும் பாடுகிறேன், போரையும் வீரனையும் அல்ல’ என்று கிறுக்கியிருக்கிறான். வெர்ஜிலின் காவியம் ‘போரையும் வீரனையும் பாடுகிறேன்’ என்று தொடங்குகிறது. அதைத்தான் கேலி செய்கிறான். வெளுப்பவன் எழுதியதா, வெளுப்பவனைச் சீண்ட எழுதியதா, போகட்டும். எனக்கு அது தாத்தாவின் வாய்த்துடுக்காகவே கேட்டது.

குறுக்குக்கேள்வி:

எல்லோரும் நெகிழ்கிறீர்கள். அந்தக் கல்லறைச் சிற்பத்தில் உருண்டை பிடிக்கிற ஆட்களின் பெயர் எங்கே, ஐயா? முதலாளி பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அடிமையாக இருந்து மேலே வந்தவர், மேலே வந்த பிறகு தன் திரிகையில் யாரைப் பூட்டினார்? ரோமில் விடுதலை பெற்றவர்களும் அடிமைகளை வாங்கி வைத்திருந்தார்கள். பராத்தெஸின் காதலை நான் பழிக்கவில்லை, ஆனால் விலைக்கு வாங்கப்பட்டவள் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்க முடியுமா?

நான் சந்தித்தது ஒரு கழுத்து வளையத்தை. ரோமில், டயோக்லெட்டியன் குளியல் மாளிகையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில். இரும்பு வளையம், அதில் தொங்கும் வெண்கல வில்லை. 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டு. ‘ஓடிவிட்டேன், என்னைப் பிடி. என் உரிமையாளர் சோனினுஸிடம் ஒப்படைத்தால் ஒரு சாலிடஸ் கிடைக்கும்.’ சாலிடஸ் தங்கக் காசு. பேசுவது வளையம் அணிந்தவன் குரலில், பெயரோ உரிமையாளர் பெயர். இத்தகைய வளையங்கள் சிலவற்றில் கிறிஸ்துவின் குறியும் பொறித்திருக்கிறது. மதம் மாறியது, வளையம் மாறவில்லை.

அடுப்படி:

கேள்வி சரிதான், அந்தப் பட்டையில் ஒருவர் பெயரும் இல்லை. ரெஜினாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பெயரோடு ஒருவன் கிடைத்தான். அதே பயணத்தில் நேப்பிள்ஸில், பொம்பேயோடு சேர்ந்து புதைந்த ஹெர்குலேனியத்திலிருந்து வந்த கரிந்த ரொட்டி ஒன்றைப் பார்த்தேன். எட்டாகப் பிட்டுக்கொள்ளக் கோடு போட்ட வட்ட ரொட்டி. விளிம்பில் ‘குயின்டுஸ் கிரானியுஸ் வேருஸின் அடிமை செலெருடையது’ என்று முத்திரை. அவனைப் பெருமைப்படுத்தக் குத்தியதல்ல, யாருடைய ரொட்டி என்று அடுப்பில் அடையாளம் தெரிவதற்காக இருக்கும். புகைப்படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். ‘ஓரம் நன்றாக எழும்பியிருக்கிறது, நல்ல கை’ என்று பதில் வந்தது.

மண்வெட்டி:

நான் வட இங்கிலாந்தில், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலுக்குத் தெற்கே விந்தொலாண்டா கோட்டையில் இரண்டு வாரம் தன்னார்வலராக மண் தோண்டினேன். இரண்டு வாரமும் மழை. காற்றுப் புகாத ஈர மண் என்பதால் அங்கே தோல்கூட அழுகுவதில்லை. இதுவரை ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட காலணிகள் எடுத்திருக்கிறார்கள், குழந்தைகளுடையவையும் உண்டு. 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரப்பலகைக் கடிதங்கள் தனி. ஒன்றில் கிளாடியா செவெரா என்ற பெண், செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வரும்படி தோழி லெபிதினாவை அழைக்கிறாள். எழுத்தர் எழுதிய கடிதத்தின் அடியில் அவளே தன் கையால் நான்கு வரி சேர்த்திருக்கிறாள்.

எனக்குப் பிடித்தது கணக்குப் பலகை ஒன்று. தப்போவின் மகன் கம்பாக்ஸ், மிளகு, இரண்டு தெனாரியுஸ் வெள்ளிக்காசு. அவ்வளவுதான். ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு முசிறியைப் பாடுவதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கறி, அதாவது மிளகு, எங்கே போய் இறங்கியது என்பதற்கு எனக்கு இப்போது முகவரி தெரியும். குளிரில் நடுங்கிக்கொண்டு கஞ்சியில் தூவிச் சாப்பிட்டிருப்பான் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன்.

என் குழியில் கிடைத்தது ஒரே ஓர் இரும்பு ஆணி. மேற்பார்வையாளர் அதைக் கழுவி, எண் எழுதி, பையில் போட்டார். குறுக்குக்கேள்வி அவர்கள் கவனத்துக்கு: பையில் என் பெயரும் இல்லை.