உதவி: விதையில்லாத் தக்காளிக்கு ஹார்மோன் அடித்தேன், இலை சுருண்டுவிட்டது, காயில் விதையும் இருக்கிறது

தொட்டிக்காரன்
என் மகள் தக்காளியை வெட்டினால் விதையை எல்லாம் விரலால் வழித்துப் போட்டுவிட்டுத்தான் தின்பாள். ஹார்மோன் தெளித்தால் விதையில்லாமல் காய்க்கும் என்று படித்து, 4-சிபிஏ தூள் வாங்கினேன். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கலந்து (10 பிபிஎம்) பூத்த செடிகள் ஆறுக்கும் நன்றாக நனையத் தெளித்தேன். நாலு நாள் கழித்து மறுபடி ஒரு தடவை.

இப்போது குருத்து இலைகள் பெரணி மாதிரி ஒடுங்கிச் சுருண்டிருக்கின்றன. காய் பிடித்தது, ஆனால் பலவற்றின் நுனியில் மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டை வெட்டினேன். ஒன்று உள்ளே வெற்றுப் பெட்டி. இன்னொன்றில் முழுசாக விதை! வைரஸா? மருந்து போலியா?

சூல்பை
வைரஸாக இருந்தால் ஆறு செடியிலும் ஒரே வாரத்தில் வருவது அபூர்வம். மருந்தும் போலி இல்லை, நன்றாகவே வேலை செய்திருக்கிறது. உங்கள் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம்தான் 1 பிபிஎம். 10 லிட்டரில் 1 கிராம் என்றால் 1000 மில்லிகிராமைப் பத்தால் வகுக்க வேண்டும். நீங்கள் அடித்தது 100 பிபிஎம்.

தொட்டிக்காரன்
ஐயோ. பத்து லிட்டர், அதனால் பத்து என்று நினைத்துவிட்டேன். சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே எதுவும் காட்டாது, அதனால்தான் முழு கிராம் போட்டேன்.

சூல்பை
அப்படியென்றால் 1 கிராமை முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, 2 லிட்டர் தண்ணீரில் சேருங்கள். அது 500 பிபிஎம் கரைசல். அதிலிருந்து 30 மில்லி எடுத்து 1 லிட்டராக்கினால் 15 பிபிஎம். வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த 15 போதும், குறைந்தால் 30 வரை போகலாம்.

4-சிபிஏ ஆக்சின் வகை, அதாவது செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன் வகை. களைக்கொல்லியான 2,4-டி இதற்கு நெருங்கிய உறவு, அதனால் இலையில் பட்டால் இப்படித்தான் முறுக்கும். செடி முழுக்க அடிக்கவே கூடாது. ஒரு கொத்தில் மூன்று நாலு பூ விரிந்ததும், குருத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அந்தக் கொத்துக்கு மட்டும் சிறு தெளிப்பானால் ஒரே ஒரு தடவை. அடித்த கொத்தில் ஒரு கலர் நூல் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் மறந்துபோய் இரண்டாம் தடவை அடிப்போம். மூக்கு முளைத்த காய் அதிக அளவின் அடையாளம்.

தொட்டிக்காரன்
சரி, ஆனால் விதை எப்படி வந்தது?

மொட்டுக்காலம்
இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஹார்மோன் விதையை அழிக்காது. மகரந்தம் சேர்ந்ததும் சூலகத்துக்குள் (பூவில் காயாக மாறும் பகுதி) "வளர்" என்று ஒரு சமிக்ஞை எழும், அதை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். 1936இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் பெலிக்ஸ் குஸ்டாஃப்சன் ஆக்சின் வகைப் பொருட்களைக் கொண்டு மகரந்தமே இல்லாமல் காய் வளர்த்துக் காட்டியதும் இந்த வழியில்தான். தக்காளியோ தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி. நீங்கள் அடித்தபோது விரிந்திருந்த பூக்களில் பாதிக்கு ஏற்கெனவே கல்யாணம் முடிந்திருக்கும்!

கண்டிப்பாக விதை வேண்டாம் என்றால் பூ விரிவதற்கு முதல் நாள் பிடிக்க வேண்டும். இதழ் வெளிர் மஞ்சளாகி இன்னும் திறக்காமல் இருக்கும். நுனி மெல்லிய இடுக்கியால் மகரந்தக் கூம்பை அப்படியே உருவுங்கள், நடுவில் பச்சைக் காம்பு போன்ற சூல்தண்டு மட்டும் நிற்கும். அது ஒடிந்தாலும் பரவாயில்லை, அடியிலுள்ள சூலகத்தைக் கீறிவிடாதீர்கள். பிறகு தெளியுங்கள். பெரிய பசுமைக்குடில்களில் இந்த வேலையெல்லாம் செய்வதில்லை. குளிரில் மகரந்தம் கெட்டுக் காய் பிடிக்காத நாட்களில் அடிப்பார்கள், விதை குறைவது உபரிப் பலன்.

சூல்பை
வெற்றுப் பெட்டிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அறைகளை நிரப்பும் ஜெல், விதையைச் சுற்றித்தான் நன்றாக ஊறும். ஆக்சின் அதிகமானால் வெளிச்சுவர் வேகமாக வளர்ந்துவிடும், உள்ளே பின்தங்கும். கரைசலில் 5 முதல் 10 பிபிஎம் ஜிப்ரெல்லிக் அமிலம் (ஜிப்ரெல்லின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோன் வகை) சேர்த்தால் இந்த வெற்று உப்பல் குறையும். ஜிப்ரெல்லினை மட்டும் கொடுத்தால் காய் சிறுத்துப்போகும்.

தொட்டிக்காரன்
செடி பிழைக்குமா? காயைத் தின்னலாமா?

மொட்டுக்காலம்
புதுக் குருத்து சரியாக வந்தால் பிழைத்தது என்று வையுங்கள். இரண்டு முறை 100 பிபிஎம் வாங்கிய காயை நானாக இருந்தால் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன், பறித்து எறிந்துவிடுங்கள். அப்புறம் ஒன்று: மருந்தே இல்லாமல் விதையின்றிக் காய்க்கும் ரகங்களும் உண்டு, ரஷ்யாவின் செவெரியானின் மாதிரி. ஆறு செடிக்கு எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

தொட்டிக்காரன் (இரண்டு மாதம் கழித்து)
இரண்டு செடி போய்விட்டது, நாலு தேறியது. ஆறு பூவில் கூம்பை உருவி 15 பிபிஎம் அடித்தேன், நாலு காய் நின்றது. இன்று முதல் பழத்தை வெட்டினேன். விதை இல்லை, விதை இருக்க வேண்டிய இடத்தில் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். மகள் வழிக்காமல் தின்றுவிட்டு, "சாறே இல்லையே அப்பா" என்கிறாள். அடுத்த கொத்துக்கு ஜிப்ரெல்லிக் சேர்க்கப் போகிறேன்.