சோலார் வெந்நீர் முதல் மாடியில் நூல்போல் வருகிறது: சுவரை உடைத்துக் குழாயை மாற்றத்தான் வேண்டுமா?

மடிப்பாக்கம் மாடிவீடு:

வணக்கம். மடிப்பாக்கத்தில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட எங்கள் வீட்டின் மொட்டை மாடியில், 2016-இல் வைத்த 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. கண்ணாடிக் குழாய் வகை. பக்கத்தில் இரும்புத் தாங்கியின்மேல் உள்ள 1000 லிட்டர் தொட்டியிலிருந்துதான் அதற்குத் தண்ணீர் இறங்குகிறது. போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து மேலேறுகின்றன. பிரஷர் பம்ப் எதுவும் கிடையாது.

முதல் மாடிக் குளியலறையில் 15 லிட்டர் வாளி முன்பெல்லாம் இரண்டரை நிமிடத்தில் வெந்நீரால் நிரம்பிவிடும். நேற்றுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். பதினொரு நிமிடம் ஆயிற்று. சூட்டில் குறைவில்லை, பச்சைத் தண்ணீரும் அதே குளியலறையில் நன்றாகவே கொட்டுகிறது. கீழ்த்தளத்தில் வெந்நீர் சற்றுப் பரவாயில்லை. எப்போது தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததாகத்தான் நினைவு.

வந்து பார்த்த பிளம்பர் ஐந்தே நிமிடத்தில், உப்பு அடைத்துவிட்டது, டைல்ஸை உடைத்து முழு லைனையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த டைல்ஸ் இப்போது கடையில் கிடைப்பதில்லை. மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிக்கும் அம்மாவுக்காக நான் கீழிருந்து வாளி சுமந்துகொண்டிருக்கிறேன். உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை ஏதேனும் உண்டா?

பழைய பொறியாளர்:

உடைக்காதீர்கள். தண்ணீர் எந்த இடத்தில் குறைகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கில் செய்யும் செலவுதான்.

முதலில் ஷவர் தலையையும் குழாய் முனையில் உள்ள சல்லடையையும் கழற்றிவிட்டு அதே வாளியை மறுபடி பிடித்துப் பாருங்கள். பிறகு மொட்டை மாடியில், சோலார் தொட்டியின் வெந்நீர் வெளிவழியில் உள்ள யூனியனை (குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பை) கழற்றி அங்கேயே ஒரு வாளி பிடியுங்கள். அங்கேயும் நூலாக வந்தால் குறை தொட்டிக்கு முன்னால் இருக்கிறது: பச்சைத் தண்ணீர் நுழையும் வழியில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) சிக்கியிருக்கலாம், அல்லது கேட் வால்வின் கைப்பிடி சுற்ற உள்ளே தகடு மட்டும் தண்டிலிருந்து கழன்று பாதியில் நின்றிருக்கலாம். அங்கே பீறிட்டு வந்தால் குறை அதற்குக் கீழே. இந்த ஒரு வாளியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இதை வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். இரவு முழுவதும் காத்த பிறகும் உள்ளிருக்கும் நீர் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கலாம். மேலும், வெற்றுக் கண்ணாடிக் குழாய்கள் நண்பகல் வெயிலில் காய்ந்திருக்கும்போது பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் அவை வெடித்துவிடும்.

திருவான்மியூர்வாசி:

உப்பு என்று பிளம்பர் சொன்னதை நான் முழுவதும் தள்ள மாட்டேன், ஆனால் அதைச் சோதிக்காமல் சொன்னதுதான் தவறு. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடாகும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகப் படிகிறது. பச்சைத் தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருக்க வெந்நீர் வழி மட்டும் அடைபடுவது இதனால்தான். உள்விட்டம் 12 மில்லிமீட்டர் உள்ள குழாயில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது 8 மில்லிமீட்டர், அதாவது தண்ணீர் போகும் பரப்பில் பாதிக்கும் குறைவு.

டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு) மீட்டரைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பிவிடாதீர்கள். கடலோரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் டிடிஎஸ் ஏறுவதற்குச் சாதாரண உப்பே போதும், அது குழாயில் படியாது. பார்க்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியம் போன்ற படியும் உப்புகளின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் விரும்பத்தக்க அளவு, வேறு ஆதாரம் இல்லாதபோது 600 வரை.

ஒரு வேண்டுகோள்: அடைப்பு எடுக்க என்று சொல்லிக் கழிவறை ஆசிட்டைச் சோலார் தொட்டிக்குள் யாரையும் ஊற்ற விடாதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் ஊசித்துளைகளை உண்டாக்கும். ஷவர் தலைக்கும் சல்லடைக்கும் வினிகரில் ஓர் இரவு ஊறல் போதும்.

குழாய் வேலை செய்பவன்:

ஐயா, எங்கள் தொழிலில் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: உண்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, அல்லது ஒரே நாளில் குறைந்ததா? சுண்ணாம்பு ஆண்டுக்கணக்கில் படியும். ஒரே நாளில் குறைந்தால் பெரும்பாலும் காற்று.

வெந்நீர் லைன் மாடியில் எங்காவது மேலே ஏறி வளைந்து, உதாரணமாகக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறதா என்று பாருங்கள். அந்த மேட்டில் காற்று தங்கும். தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்துள்ள காற்றும் பிரிந்து அங்கேயே சேரும். மேட்டுக்கு அப்பால் இறங்கும் குழாயில் மூன்றடிக்குக் காற்று நின்றால், தண்ணீரைத் தள்ளும் தொட்டி உயரத்தில் மூன்றடியை இழந்ததற்குச் சமம். முதல் மாடிக்கு இருப்பதே பத்துப் பன்னிரண்டு அடி, கீழ்த்தளத்துக்கு இன்னும் பத்தடி கூடுதல். அதனால்தான் கீழே பரவாயில்லை, மேலே மோசம்.

சோதனை ஒன்று சொல்கிறேன். குளியலறை மிக்ஸரின் (சூடும் பச்சையும் கலந்து வரும் குழாயின்) வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, சூடு, பச்சை இரண்டு திருகுகளையும் முழுதாக இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் பின்வாங்கி ஏறிக் காற்றை மேலே தள்ளும். அதன் பிறகு வெந்நீர் சற்று நேரம் நன்றாக வந்தால் சந்தேகமே வேண்டாம். அதோடு சோலார் தொட்டியின் மேல் நிற்கும் காற்றுக்குழாயின் வாயையும் பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்திருப்பதை நான் பலமுறை எடுத்திருக்கிறேன்.

மடிப்பாக்கம் மாடிவீடு:

மூவருக்கும் நன்றி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏறிவிட்டேன்.

யூனியனைக் கழற்றியதும் மாடியிலேயே 15 லிட்டர் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நிரம்பியது. ஆகவே தொட்டி, வால்வு ஆகியவற்றில் குறையில்லை. காற்றுக்குழாயும் திறந்தே இருந்தது. கீழே வந்து மிக்ஸரின் வாயை மூடித் திறந்தேன். இரண்டு நிமிடம் கழித்துக் குழாய் பலமுறை இருமிக்கொண்டே துப்பியது, பிறகு பழையபடி தண்ணீர் கொட்டியது. பிற்பகல் மறுபடி நூலாகிவிட்டது.

"கொஞ்சம் கொஞ்சமாக" என்று நான் எழுதியது என் தப்பு. மனைவியிடம் கேட்டபோது, தீபாவளி எண்ணெய்க் குளியலின்போதே தண்ணீர் வரவில்லை என்று தான் சத்தம் போட்டதை நினைவுபடுத்தினார். அதற்கு முந்தைய வாரம்தான் மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கும் டைல்ஸ் பதித்தோம். அதுவரை கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு துளை வழியாக இறங்கிய வெந்நீர்க் குழாயை, மழைநீர் கசியும் என்று துளையை அடைத்துவிட்டுச் சுவரின்மேல் ஏற்றி வளைத்திருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் துணி காயப்போடுகிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

இனி அதைப் பழையபடி சுவரடியில் இறக்குவதா, அப்படியே விட்டு மேட்டில் ஒரு காற்றுக்குழாய் வைப்பதா?

குழாய் வேலை செய்பவன்:

இறக்கிவிடுங்கள். மேட்டில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு வைக்கும் காற்றுக்குழாய் பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் உச்ச நீர்மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் அதன் வழியே வெந்நீர் வழிந்துவிடும். உங்கள் தாங்கியின் உயரத்துக்கு அது காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். சுவரடித் துளையில் சற்றுப் பெரிய பிவிசி குழாய்த் துண்டை உறையாகப் பதித்து, அதற்குள் வெந்நீர்க் குழாயை விட்டு, இடைவெளியை சீலண்ட் கொண்டு மூடினால் மழைநீரும் கசியாது. தொட்டியிலிருந்து சுவர் வரை குழாய் ஓரிடத்திலும் மேலேறாமல் மெல்லிய சரிவாகவே போகட்டும். வெயிலில் தொய்ந்து புதிய மேடு உண்டாகாமல் இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் போடச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் மாடிவீடு:

வேலை நேற்று முடிந்தது. வேறொரு பிளம்பர், அரை நாள், மூன்று எல்போ (வளைவு இணைப்பு), சிறிது குழாய். வாளி இப்போது மூன்றரை நிமிடத்தில் நிரம்புகிறது. ஷவர் தலையையும் மிக்ஸர் சல்லடையையும் வினிகரில் ஊறவைத்தபோது அடியில் வெள்ளையாக ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்பு நின்றது. மாட்டிய பிறகு மூன்று நிமிடத்துக்கு வந்தது. மிச்சமுள்ள அரை நிமிடம் சுவருக்குள் இருக்கும் படிவாக இருக்கலாம், அதற்காக டைல்ஸை உடைக்கப் போவதில்லை. அம்மா இன்று காலை மேலேயே குளித்தார்.