மறு: காண்டாக்ட் லென்ஸுக்குத் தமிழில் என்ன சொல்? மேல்வில்லை, மென்வில்லை, திண்வில்லை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பகல் முழுக்கப் பரிசோதனை அறையில் போய்விடுவதால் உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: பெங்களூரில் சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் காண்டாக்ட் லென்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகிறார்கள். கையேடு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழில் இல்லை. அதை எழுத உட்கார்ந்தபோது எழுந்த கேள்விதான் இது: காண்டாக்ட் லென்ஸுக்கும் அதன் வகைகளுக்கும் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது? லென்ஸுக்குத் தமிழில் வில்லை என்பதால், தொடுவில்லை, ஒட்டுவில்லை என்று நண்பர்கள் பல சொற்களைத் தந்திருக்கிறார்கள்.

> தொடுவில்லை ஏற்கெனவே வழக்கில் ஏறிவிட்ட சொல். அதை எதற்குக் கலைக்க வேண்டும்?

ஐயா, உங்கள் கேள்வி நியாயம். நானும் அந்தச் சொல்லோடுதான் தொடங்கினேன். 'உங்களுக்கு ஏற்ற தொடுவில்லை எது?' என்று முதல் பக்கத் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது 'உங்களுக்கு ஏற்ற தொடவில்லை எது?' என்றிருந்தது. தட்டச்சு செய்த தம்பி மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ஓர் உகரம் போனது, அவ்வளவுதான். தமிழ் படிக்கிற எந்தக் கண்ணுக்கும் 'தொடவில்லை' தினம் பழகின சொல், 'தொடுவில்லை' வழியில் பார்த்தறியாத சொல். கண் பழகினதைத்தான் படிக்கும். அதுவும் கண் சரியாகத் தெரியாமல் எங்களிடம் வருகிறவர்கள் படிக்கப்போகிற காகிதம் இது.

அப்புறம் மற்றச் சொற்களையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். 'ஒட்டுவில்லை', 'ஒட்டவில்லை' ஆகிவிடுகிறது. சாஃப்ட் லென்ஸுக்குத் தில்லி நண்பர் கொடுத்த 'நெகிழ்வில்லை'யில் எழுத்துப்பிழைகூட வேண்டாம். சரியாகப் படித்தாலே நெகிழ்வு இல்லை என்றுதான் காதில் விழுகிறது. இருக்கிற லென்ஸ்களிலேயே அதிகம் நெகிழ்கிற ஒன்றுக்கு நெகிழ்வே இல்லை என்று பெயர் வைத்ததாகிவிடும். அந்தச் சொல்லின் ஓசை எனக்கும் பிடித்திருந்தது, விட மனம் வரவில்லை. ஆனாலும் விடத்தான் வேண்டும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: முன்சொல்லில் உகரம் வேண்டாம், அதோடு 'வு' சேர்ந்தால் வேறொரு பெயர்ச்சொல் ஆகிவிடவும் கூடாது. மென், திண், மேல், உள் போல மெய்யில் முடியும் குறுஞ்சொற்கள் பாதுகாப்பானவை. மென்வில்லை என்பதை யாரும் 'மென்மை இல்லை' என்று படிக்க மாட்டார்கள்.

வில்லை என்ற சொல்லையே கைவிடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வில்லை சூடம் என்றால் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; வட்டமாக, சிறிதாக, விரல்நுனியில் எடுக்கிற ஒன்று. காண்டாக்ட் லென்ஸும் அப்படித்தான் விரல்நுனியில் உட்கார்கிறது. கூட வேலை செய்யும் கன்னடத் தோழி அவர்கள் மொழியில் லென்ஸுக்கு 'மசூர' என்பதைச் சொன்னார், நம் மசூர் பருப்புதான். லத்தீனில் லென்ஸ் என்பதும் அதே பருப்பின் பெயரே. அவர்கள் பருப்பைப் பார்த்தார்கள், நாம் சூடத்தைப் பார்த்தோம். நம் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை.

இனி 'தொடு'. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவரிடம் போய் நிற்கும். சூரிச்சில் வேலை பார்த்தவர். கண்ணாடியில் செய்த குழிந்த ஓடு ஒன்றை முயல் கண்ணிலும் பிறகு தன் கண்ணிலும் போட்டுப் பார்த்துவிட்டு, 1888இல் எழுதிய கட்டுரையில் 'கொண்டாக்ட்பிரில்லே' என்று பெயரிட்டார். தொடும் மூக்குக்கண்ணாடி என்று பொருள். மூக்கின் மேல் விலகி நிற்கும் கண்ணாடிக்கு எதிர்ப்பதமாக அந்தச் சொல் பிறந்தது. ஆனால் அவருடைய ஓடு வெள்ளை விழியின் மேல்தான் உட்கார்ந்தது. கருவிழிக்கும் ஓட்டுக்கும் நடுவே சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். இன்று ஸ்கிளீரல் லென்ஸ் என்று நாங்கள் பொருத்துவதும் அதே தத்துவம்தான்: கருவிழியைத் தொடாமல் ஒரு குடை போலத் தாண்டி நிற்கும். மற்ற லென்ஸ்களும் கண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கிறவையே. தொடுவதை இதன் முதல் இலக்கணமாக வைக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

> பேசாமல் கண்வில்லை என்று விட்டுவிடலாமே?

விடலாம்தான். ஆனால் வயதானவர்களிடம் பேசிப் பாருங்கள் அம்மா. 'எனக்கு லென்ஸ் வெச்சாச்சு' என்றால் அவர்கள் சொல்வது கண்புரை அறுவையில் உள்ளே பொருத்தியதை. கண்ணுக்குள் பிறவியிலேயே இருப்பதும் ஒரு வில்லை. போன மாதம்கூட ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து, 'இந்த வயசுலேயே இவளுக்கு ஆபரேஷனா?' என்று கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பேத்தி கேட்டது கண்ணாடிக்குப் பதில் போடும் லென்ஸ். எனவே உள்ளே வைப்பது உள்வில்லை, மேலே போட்டுக் கழற்றுவது மேல்வில்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் அந்தப் பாட்டிக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். காண்டாக்ட் லென்ஸுக்கு என் பரிந்துரை மேல்வில்லைதான்.

இப்போது எனக்கு முக்கியமான இடம். ஹார்டு லென்ஸ், அதாவது ஆர்ஜிபி (ரிஜிட் காஸ் பெர்மியபிள், காற்றை விடும் விறைப்பான லென்ஸ்). இதற்குக் 'கடினவில்லை', 'வன்வில்லை', 'வளிபுகு விறைவில்லை' என்று மூன்று வந்திருக்கின்றன.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பையன், 19 வயது. கருவிழி கூம்பு மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு வரும் கோளாறு, கெரட்டோகோனஸ். எத்தனை கண்ணாடி மாற்றியும் பலகையில் பாதிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. முந்தைய முறை யாரோ அவன் அம்மாவிடம் 'கடின லென்ஸ்' என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். 'கடினம்னா கல்லு மாதிரிதானே மேடம்? புள்ள கண்ணுல கல்லையா வெப்பீங்க?' என்று கேட்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எட்டு மாதம் வராமல் இருந்திருக்கிறார்கள். இந்தக் கோளாறு அந்த வயதில் வேகமாக முற்றக்கூடியது. எட்டு மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

அன்று சோதனை லென்ஸ் போட்டோம். முதலில் கண்ணீர் கொட்டியது, இமை படபடத்தது. இருபது நிமிடம் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு ஆரஞ்சு நிறச் சாயக் காகிதத்தைக் கண்ணின் ஓரத்தில் தொட்டு, நீல விளக்கில் பார்த்தேன். கண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. கூம்பைச் சுற்றிய பள்ளத்தில் எல்லாம் அந்தப் பச்சை தேங்கி நின்றது. கருவிழியின் மேடுபள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிவிட, அதன் மேல் வழவழப்பான புது முகமாக லென்ஸ் நின்றது. தலையை நிமிர்த்திப் பலகையின் கடைசிக்கு முந்தைய வரியைப் படித்தான். அம்மா எதுவும் பேசவில்லை, அவன் முதுகில் கை வைத்தபடியே நின்றார்.

மென்வகை லென்ஸ் இதைச் செய்யாது. அது கருவிழியின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். கூம்பின் மேல் போட்டால் அதுவும் பெரும்பாலும் கூம்பாகிவிடும். ஹார்டு லென்ஸின் சிறப்பே தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பது. அதைச் சொல்லத் தமிழில் 'திண்' இருக்கிறது. திண்மை, திண்ணம், 'திண்ணமாகச் சொல்கிறேன்'. அதில் உறுதி இருக்கிறது, குத்தல் இல்லை. வல்லினம், மெல்லினம் போல வன், மென் என்று ஜோடி சேர்ப்பது இலக்கணப்படி அழகுதான். ஆனால் வன்முறை, வன்மம் என்று இன்று அந்த 'வன்' வரும் இடங்கள் கண்ணருகே கொண்டுபோகத் தக்கவை அல்ல. ஆகவே திண்வில்லை.

'வளிபுகு' ஏன் வேண்டாம் என்கிறேன்? 1948இல் கெவின் டூயி என்ற லென்ஸ் தொழில்நுட்பர் அமெரிக்காவில் பிளாஸ்டிக்கில் கருவிழி அளவு லென்ஸைச் செய்தபோது அதை யாரும் ஹார்டு என்று பிரித்துச் சொல்லவில்லை, அந்த அளவில் வேறு வகை கிடையாது. 1961 கிறிஸ்துமஸ் சமயம் ஓட்டோ விக்டர்லே என்ற செக் வேதியியலாளர் தன் வீட்டில், பிள்ளைகளின் மெர்க்குர் கட்டுமானப் பொம்மைச் சாமான்களால் ஒரு சுழல் கருவி செய்து, நீர் உறிஞ்சும் மென்வகை லென்ஸை வார்த்தார். அது உலகம் முழுக்கப் பரவிய பிறகுதான் பழையதற்கு 'ஹார்டு' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய பிளாஸ்டிக் காற்றை விடாது. கருவிழியிலோ இரத்தக் குழாய் கிடையாது, பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே எடுக்கிறது. 1970களில் காற்றை விடும் புதுப் பொருள் வந்ததும், பழையதிலிருந்து பிரித்துக் காட்ட 'காஸ் பெர்மியபிள்' என்று சேர்த்தார்கள். இன்று அந்தப் பழையதை யாரும் பொருத்துவதில்லை என்றே சொல்லலாம். போதாக்குறைக்கு, 1990களின் கடைசியில் வந்த சிலிக்கோன் ஹைட்ரஜெல் மென்வில்லைகள் பிராணவாயுவை விடுவதில் திண்வில்லைக்குச் சளைத்தவை அல்ல. காற்றுப் புகுவதைத் திண்வில்லையின் பெயரில் மட்டும் வைத்தால், மற்றதில் புகாது என்றுதான் படிப்பவர் எண்ணுவார். போன தலைமுறைச் சண்டையை நம் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம்.

டோரிக் (சிலிண்டர் பவருக்கானது), மல்டிஃபோகல் (தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் சேர்த்தது) இரண்டையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம். டோரிக்கைக் கடையில் எல்லோரும் 'சிலிண்டர் பவர் லென்ஸ்' என்கிறார்கள், புரிகிறது.

ஆனால் 'மாத லென்ஸ்' என்பதை மட்டும் விட முடியாது. மாதம் முழுக்கக் கழற்றாமல் போடலாம் என்று நினைத்து, அதோடு தூங்கிச் சிவந்த கண்ணோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர்! வேறு சிலர் முப்பது தடவை போடலாம் என்று கணக்கு வைத்து, கல்யாணம் காட்சிக்கு மட்டும் போட்டு ஒரு வருடம் ஓட்டுகிறார்கள். உறையைப் பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம், தினமும் இரவில் கழற்ற வேண்டும், இதுதான் பொருள். பெயரிலேயே வினை இருக்கட்டும்: 'மாதம் மாற்றும் வில்லை', 'நாளும் மாற்றும் வில்லை'. நீளம்தான், ஆனால் கண் பிழைக்கும்.

கையேட்டில் இப்படி எழுதலாம் என்றிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்:

'மேல்வில்லையில் இரண்டு பெரும் வகை உண்டு. மென்வில்லை சுமார் 14 மில்லிமீட்டர் அகலம். கருவிழியை முழுக்க மூடி அதன் வடிவத்துக்குப் படியும். போட்ட சற்று நேரத்தில் பழகிவிடும். எப்போதாவது மட்டும் போடுபவர்களும், கழுவிப் பராமரிக்க நேரமில்லாதவர்களும் நாளும் மாற்றும் மென்வில்லையைக் கேளுங்கள். திண்வில்லை 9, 10 மில்லிமீட்டர்தான். பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், தூசி உள்ளே போனால் உறுத்தும். ஆனால் கருவிழி சீராக இல்லாதவர்களுக்குக் கண்ணாடியால் கிடைக்காத தெளிவைத் தரும். திண்வில்லை தாங்காத கண்ணுக்கு வெண்விழி வில்லை இருக்கிறது. எந்த வில்லையையும், அதன் டப்பாவையும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். காவிரித் தண்ணீரானாலும் போர்வெல் தண்ணீரானாலும் கூடாது. தண்ணீரில் உள்ள ஒருவகை அமீபா கருவிழியை அரித்துவிடும்.'

ஸ்கிளீரலுக்கு 'வெண்விழி வில்லை' என்று போட்டதில்தான் எனக்கு ஒரு சந்தேகம். கார்னியாவுக்கே, அதாவது நாம் கருவிழி என்பதற்கே, 'விழிவெண்படலம்' என்ற சொல் சில இடங்களில் உலவுகிறது. அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் வெண்விழி என்றதும் கார்னியாவை நினைப்பார்களோ? ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் இதை மட்டும் தங்கள் வகுப்பில் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் இரவுக்குள் வந்தால் போதும், சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து