தினமும் காட்பாடி டு சென்னை. இந்த மேனேஜர் பதவியை ஏற்கலாமா?

காட்பாடி_விடியல்:
வணக்கம். வயது 36. காந்தி நகரில் வீடு. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. சீசன் டிக்கெட்டில் போய் வருகிறேன், ஒரு வழிக்கே 130 கிலோமீட்டர். விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ், சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவேன். இப்போது மேனேஜர் பதவி தருகிறார்கள். சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். ஆனால் அமெரிக்க டீமோடு ராத்திரி பத்தரை வரை மீட்டிங் இருக்கும், அதுவும் ஆபீஸிலேயே இருந்து பேச வேண்டும். அதற்குப் பிறகு வண்டி பிடித்தால் வீடு சேர நள்ளிரவு தாண்டிவிடும். போன மாசம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரை அளவு 6.2, பிபி 138/90. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பிசியோதெரபி நடக்கிறது. பெண் இரண்டாம் வகுப்பு. மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

பாலாறு_ஆம்பூர்:
யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் சகோ. நம்ம வடஆற்காட்டில் போன தலைமுறைக்கு இந்தக் கேள்வி கேட்கவே வாய்ப்பு இருந்ததில்லை. என் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தார். இருட்டு விலகும் முன்பே ஊர் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். வீட்டுக்கு வந்ததும் வலது கைக் கட்டைவிரலைச் சுடுதண்ணியில் வைத்தபடியே எங்களுக்குப் பாடம் கேட்பார். உடம்பு எப்படி இருக்கிறதென்று ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை. அந்தக் காசில் படித்தவன் நான். 35லிருந்து 45 வரைதான் சம்பாதிக்கிற வயசு, இந்தப் படியை விட்டால் அடுத்தவன் ஏறிவிடுவான். அப்பா வைத்தியம், பெண் படிப்பு, எல்லாவற்றுக்கும் காசுதானே முன்னால் நிற்கிறது? குறைந்த சம்பளத்தில் கடன் கட்டிக்கொண்டிருப்பவனுக்கும் பிபி ஏறத்தான் செய்கிறது.

சத்துவாச்சாரி_நர்ஸ்:
தம்பி, காசு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் 6.2-ஐ லேசாக எடுக்காதீர்கள். 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 வந்தால் நோய் என்றே பெயர். இன்றைக்கு உங்களால் திருப்ப முடிகிற இடத்தில் இருக்கிறீர்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நடை, ஏழு மணி நேரத் தூக்கம், இந்த மூன்றும்தான் மருந்து. புதுப் பதவி அந்த மூன்றையுமே பிடுங்கிக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயில் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று கண்டார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம், உங்களுக்கு பிபி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் வார்டில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த நாற்பது வயசுக்காரர்கள் இடது கையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பொத்தானுக்குப் பத்து நிமிஷம் ஆகும். பக்கத்தில் மனைவி நிற்பார், உதவக்கூடாது என்று நாங்கள் சொல்லியிருப்பதால் கையைக் கட்டிக்கொண்டு.

பாலாறு_ஆம்பூர்:
அக்கா, நீங்கள் சொன்ன கணக்கு சரி. ஆனால் இவருக்கு உடம்பு கெட்டது பழைய பதவியில்தானே? புதுப் பதவியில் இன்னும் ஒரு நாள்கூட உட்காரவில்லை. இவரைத் தின்பது பயணம். தினமும் நாலு அஞ்சு மணி நேரம் தண்டவாளத்திலும் பிளாட்ஃபாரத்திலும் போகிறது. கூடக் கிடைக்கும் சம்பளத்தில் அம்பத்தூர் பக்கம் ஒரு ரூம் எடுத்துத் தங்கட்டும். காலையில் நடக்கலாம், தூக்கமும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வரட்டும்.

குடியாத்தம்_மருமகள்:
ரூம் எடுக்கலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த அஞ்சு நாளும் மாமனாரைக் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவது யார்? மாத்திரையும் வீட்டுப்பாடமும் யார் பொறுப்பு? என் வீட்டில் இது நடந்தது. கணவர் பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வரும்போது பிள்ளைக்குப் பொம்மை, எனக்குப் புடவை. நான் தறிக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டேன். அவருடைய சம்பள உயர்வில் என் சம்பளத்தை யாரும் கழித்துப் பார்க்கவில்லை. சகோ, உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா? அவர் என்ன சொல்கிறார்?

காட்பாடி_விடியல்:
தனியார் பள்ளியில் ஆசிரியை. என்னுடைய முடிவுக்கே விட்டுவிட்டார் அக்கா. ஆனால் அப்பாவை பிசியோவுக்குக் கூட்டிப்போவது இப்போதே அவர்தான். குடும்பத்தோடு சென்னைக்குப் போகவும் வழியில்லை. அப்பாவுக்குப் பழகிய மருத்துவர்கள் இங்கேதான், அவரும் வேலூரை விட்டு வரமாட்டேன் என்கிறார்.

குடியாத்தம்_மருமகள்:
அப்படியானால் முடிவை நீங்கள் தனியாக எடுக்காதீர்கள். அவருடைய பள்ளி வேலை நிற்குமா, போகுமா என்பதையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

சிப்காட்_பெரியவர்:
ராணிப்பேட்டையில் பேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கமும் பதவியை ஏற்பதா விடுவதா என்றே பேசுகிறீர்கள். நிபந்தனை பேசலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாரம் 48 மணி நேரம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் வரம்பு வைத்தது, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றது. அதெல்லாம் போராடி வாங்கியது. 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன, மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். கேட்டதால் கிடைத்தது. அதே வருஷம் அக்டோபரில் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, 2025 ஜனவரியில் 90 என்றார் எல் அண்ட் டி தலைவர். அவர்கள் கேட்கத் தயங்கவில்லை, நாம் ஏன் தயங்க வேண்டும்?

தம்பி, இன்னொன்று தெரிந்துகொள். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-இலிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்பது அதிலும் உண்டு. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கே அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். அதனால் வேலை நேரத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கு.

பாலாறு_ஆம்பூர்:
ஐயா, உங்கள் காலத்தில் சங்கம் பின்னால் நின்றது. இவர் தனியாளாகப் போய் நிபந்தனை வைத்தால், அதே ஹாலில் நிபந்தனையில்லாமல் நாலு பேர் காத்திருக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்தப் பயம் எலும்பில் இருக்கிறது. அதைப் பேராசை என்று யாரும் எண்ண வேண்டாம்.

சிப்காட்_பெரியவர்:
பேராசை என்று நான் சொல்லவே இல்லையப்பா. பதவியை அவர்களாகத்தானே கொடுக்கிறார்கள்? இவன் வேலை அவர்களுக்கு வேண்டும். கேட்க இதைவிட நல்ல நேரம் வராது. சேர்ந்து ஆறு மாசம் கழித்துக் கேட்டால்தான் துரத்துவார்கள்.

சத்துவாச்சாரி_நர்ஸ்:
பயத்தைப் புரிந்துகொள்கிறேன் பாலாறு தம்பி. உங்கள் அம்மாவின் கை இப்போது எப்படி இருக்கிறது?

பாலாறு_ஆம்பூர்:
மடக்க முடியாது அக்கா. சாப்பாட்டைக்கூட ஸ்பூனில்தான் எடுக்கிறார். அதற்காக அவர் வேலைக்குப் போனது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அவரும் சொல்லமாட்டார்.

சத்துவாச்சாரி_நர்ஸ்:
தப்பே இல்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இவருக்கு இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

காட்பாடி_விடியல்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து இதை முழுசாகப் படித்தோம். அவர் தன் பள்ளி வேலையை விடுவதில்லை, அது முடிவு. நான் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன்: ராத்திரி மீட்டிங் வாரத்தில் இரண்டே நாள், மற்ற நாள் வேறொருவர் முறை வைத்துப் பார்க்க வேண்டும், அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்தே வேலை. எழுத்தில் தந்தால் சேர்வேன். திங்கட்கிழமை பேசுகிறேன்.

பாலாறு_ஆம்பூர்:
கேளுங்கள் சகோ, கிடைத்தால் எனக்கும் சந்தோஷம். மறுத்தாலும் பதவியை விடக்கூடாது என்பதில் என் கருத்து மாறவில்லை.

குடியாத்தம்_மருமகள்:
மறுத்தால் விடவேண்டும் என்பதில் என் கருத்தும் மாறவில்லை. அப்புறம், பிசியோவுக்கு வீட்டுக்கே வருபவர்கள் வேலூரில் கிடைப்பார்கள். பதவி எப்படிப் போனாலும் அதை இந்த வாரமே விசாரியுங்கள்.

சத்துவாச்சாரி_நர்ஸ்:
மூன்று மாசம் கழித்து அதே ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுங்கள். பிபியை அதற்குள் வேறு வேறு நாளில் பார்த்துக் குறித்து வையுங்கள், டாக்டரிடம் காட்டும்போது உதவும்.