சபைப் பொறுப்பை விட்டுத் தனி ஜெபத்துக்குப் போவது தாழ்மையா, தப்பித்தலா?

பாறசாலை விசுவாசி எழுதியது:

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே, எல்லையின் கேரளப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பதினொரு ஆண்டுகள் கமிட்டிச் செயலராக இருந்து, சென்ற மாதம் விலகிவிட்டேன். கேட்டவர்களிடம் உடல்நிலை சரியில்லை என்று சொன்னேன். அது பொய். உண்மையை முகம் தெரியாதவர்களிடம் சொல்வது எளிதாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

சென்ற அறுப்பின் பண்டிகையில், ரப்பர் பால் வெட்டும் ஒரு சகோதரர் தம் வீட்டுக் கொல்லையில் காய்த்த முதல் மட்டி வாழைக்குலையைப் படைத்திருந்தார். படைத்தவற்றை ஏலம் விடத் தொடங்கியதும் அவரே அதைக் கேட்டார். படைத்ததைக் காசு கொடுத்துத் திரும்ப எடுத்து, நோயில் கிடக்கும் தாயாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அவர் நேர்ந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அறுநூறு ரூபாய் வரை அவர் வந்தார். அன்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் மருமகன் பக்கத்தில் நின்றதால், நான் நாலாயிரம் என்றேன். கைதட்டினார்கள். ஒலிபெருக்கியை வாங்கி, குரலைத் தாழ்த்தி, "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றேன். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குப் பழகிய குரல். எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அன்றிரவு முழங்காலில் நின்றபோது ஒரு வார்த்தையும் வரவில்லை. ஊருக்கு முன்னால் அத்தனை சரளமாக ஜெபிக்கிறவனுக்குத் தனியே நின்று ஆண்டவரிடம் பேச ஒன்றுமே இல்லை என்பதை ஐம்பத்தேழாம் வயதில் அறிந்துகொண்டேன். அதன்பின் தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, கதவைப் பூட்டிக்கொண்டு உட்காருகிறேன். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு ஆறாம் அதிகாரம் சொல்வதை இப்போதுதான் சொல்லுக்குச் சொல் செய்கிறேன். பல நாள் பேசாமலே எழுந்துவிடுகிறேன். ஆனாலும் அவர் அருகில் இருக்கிறார் என்ற நிச்சயம் இத்தனை ஆண்டுக் கூட்டங்களில் எனக்குக் கிடைத்ததில்லை. நான் செய்தது சரிதானா என்பதே என் கேள்வி.

மார்த்தாண்டம் வழக்குரைஞர் எழுதியது:

ஐயா, உங்கள் வெளிப்படையான பேச்சை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. நீங்கள் காட்டிய வசனம் மனிதரை விட்டு விலகச் சொல்லவில்லை, மனிதர் பார்க்க வேண்டும் என்று ஜெபிப்பதை விடச் சொல்கிறது. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி ஆண்டவர் கற்றுத்தருகிற ஜெபம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குகிறது. கதவைப் பூட்டிய பிறகும் "என் பிதாவே" என்று சொல்ல அவர் நமக்குச் சொல்லித்தரவில்லை.

பெருமை மேடையில்தான் குடியிருக்கிறது, மேடையை விட்டு இறங்கினால் அது போய்விடும் என்று நினைப்பது அனுபவத்துக்கு ஒத்துவராது. பூட்டிய அறைக்குள் நம்மை மறுத்துப் பேச ஆளில்லை. கமிட்டியில் இருந்தபோது கணக்கைக் கேள்வி கேட்க நாலு பேராவது இருந்தார்கள். பொறுமையும் தாழ்மையும் நம்மோடு ஒத்துப்போகாத மனிதர்களுக்கு நடுவில்தான் பழகும். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்வதும் அதனால்தான் என்று எண்ணுகிறேன். நீங்கள் விட்டிருப்பது பதவியையா, பதில் சொல்ல வேண்டிய கடமையையா?

குளச்சல் கரையோரன் எழுதியது:

நான் கத்தோலிக்கன், கடற்கரை ஊர்க்காரன். வழக்குரைஞர் ஐயா கேட்கிற தொனி குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்பதுபோல் இருக்கிறது. அவர் தொழில் அப்படி, விட்டுவிடலாம்.

எங்கள் மாவட்டத்து மண்ணில் பிறந்த புனித தேவசகாயத்தின் வாழ்க்கையை இங்கே நினைக்க வேண்டும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்டவர்மாவின் அரசில் அலுவலராக இருந்தவர் அவர். குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைமை தாங்கிய டச்சுப் படைத்தளபதி டிலனாய், துன்பத்தில் இருந்த அவருக்கு, எல்லாம் இழந்தும் நம்பிக்கை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அரண்மனை மதிப்பு, குலப்பெருமை எல்லாம் உரிந்துபோன பிறகு அவரிடம் எஞ்சியது இறைவனோடு இருந்த உறவு ஒன்றுதான். பாறசாலை ஐயா பதவியை உதறியதை அந்தப் பாதையின் ஒரு சிறு படியாகப் பார்க்கிறேன்.

ஒரு யோசனையும் சொல்கிறேன். புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையில், அன்றைய நாளை நன்றியோடு நினைத்து, எங்கே இறைவனுக்கு இடம் கொடுத்தோம், எங்கே கொடுக்கவில்லை என்று மணிக்கு மணி பார்த்து, மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கு அருள் வேண்டுவார்கள். வார்த்தை வராதவர்களுக்கு இது பெரிய துணை.

மார்த்தாண்டம் வழக்குரைஞர் எழுதியது:

தேவசகாயத்தை நீங்களே கொண்டுவந்ததற்கு நன்றி, ஏனென்றால் அவர் என் பக்கத்துச் சாட்சி. அவர் ஞானஸ்நானம் பெற்றதும் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளவில்லை. தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவர்களோடு உட்கார்ந்து உண்டதும் பழகியதும்தான் மேல்சாதியாருக்குப் பொறுக்கவில்லை என்று உங்கள் திருச்சபையே எடுத்துச் சொல்லியிருக்கிறது. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டத்தை நீக்கிய பிறகே அறிவித்தார்கள். ஆண்டவருக்கு முன்பாகத் தாழ்ந்தது உண்மையானால், அது பக்கத்தில் யாரோடு உட்காருகிறோம் என்பதில் தெரியும்.

பாறசாலை விசுவாசி எழுதியது:

வழக்குரைஞர் தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறைந்திருப்பதற்கும் ஓர் இடம் உண்டு. 1806-இல் மயிலாடிக்கு வந்து தென்திருவிதாங்கூர் மிஷனுக்கு அடிக்கல் வைத்த ரிங்கல்தௌபே போதகரை எண்ணிப் பாருங்கள். வந்த பணத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்த உடையோடு நடந்தவர். 1816-இல் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறினார். அவர் கல்லறை எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கோயில்களில் உபயம் எழுதாத மின்விசிறி ஒன்றுகூட இல்லை. என் பெயர் எழுதியவை மட்டும் மூன்று. பெயர் இல்லாமல் போவதற்கு நான் இப்போதாவது பழக வேண்டாமா?

விளவங்கோட்டு ஆசிரியை எழுதியது:

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். ஆண்கள் மூவரும் தாழ்மை, தாழ்மை என்று எழுதுவதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. நம் திருவிதாங்கூரில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. ஒடுக்கப்பட்டவர்கள் மேல்சாதியாருக்கு முன்னால் "நான்" என்று சொல்லக் கூடாது, "அடியன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று இருந்த நாடு இது. அடிமை முறையை ஒழிக்க 1855 வரை ஆயிற்று. எங்கள் இனத்துப் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச அறிவிப்பு வர 1859 வரை போராட வேண்டியிருந்தது. தாழ்ந்து நில் என்று தலைமுறை தலைமுறையாக அடித்துச் சொல்லப்பட்டவர்களிடம் போய், இன்னும் தாழ்ந்து நில்லுங்கள் என்று பிரசங்கிப்பது நற்செய்தி ஆகாது. என் பாட்டிக்கு வேதம் கொடுத்தது நிமிர்ந்து நிற்கிற தைரியத்தை. "அடியேன்" என்ற சொல்லை மனிதரிடமிருந்து பிடுங்கி ஆண்டவர் ஒருவருக்கே கொடுத்ததுதான் அவர் கண்ட விடுதலை.

ஆகையால் பாறசாலை ஐயா, தாழ்மை என்பது இறங்குவதற்குப் படி இருக்கிறவர்களுக்கு உரிய பாடம். உங்களுக்குப் படி இருக்கிறது, இறங்குங்கள். அந்தப் பால் வெட்டுகிறவருக்கு அந்தப் படியே இல்லை. அன்று அவர் அறுநூறு ரூபாய் வரை ஏறி வந்தார், நீங்கள் அவரைக் கீழே தள்ளினீர்கள். இத்தனை பதிவுகளில் அவரைப் பற்றி யாரும் ஒரு வரி கேட்கவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

இன்னொன்று, இது இலக்கணம் கற்பித்தவளின் பழக்கதோஷம்: "எங்கள் பிதாவே" என்பதை "நம் பிதாவே" என்று யாரும் மொழிபெயர்க்கவில்லை, மொழிபெயர்க்கவும் முடியாது. "நம்" என்றால் கேட்கிறவரும் நம்மோடு சேர்ந்துவிடுவார். "எங்கள்" என்று சொல்லும்போது ஆண்டவர் அந்தப் பக்கமும், நானும் பால் வெட்டுகிறவரும் கமிட்டியும் எல்லாரும் இந்தப் பக்கமுமாக நிற்கிறோம். இந்தப் பக்கத்தில் மேல் வரிசை, கீழ் வரிசை என்று ஒன்றும் இல்லை.

நெய்யாற்றங்கரை மருமகள் எழுதியது:

அக்கா எழுதியதற்குப் பிறகு நான் எழுதத் தயங்கினேன். ஆனாலும் தனி ஜெபத்தின் பக்கமாக ஒரு வார்த்தை பேச வேண்டும். அதை வெறும் தப்பித்தல் என்று தள்ளிவிடக் கூடாது.

நான் கருங்கல் பக்கத்துப் பெண். 1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கமும் நெய்யாற்றங்கரை கேரளப் பக்கமுமாகப் பிரிந்தது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வரைபடத்தில் நடந்த செய்தி. எனக்கோ அது கல்யாணம் ஆன அன்றைக்கு நடந்தது. இங்கே ஆராதனை மலையாளத்தில் நடக்கிறது. தமிழில் என்னால் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஜெபிக்க முடியும், வசனங்கள் தாமாக வந்து விழும். மலையாளத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் "தெய்வமே, சகாயிக்கணே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் என் முறை வரும்போது வெட்கத்தில் வியர்க்கும். ஆனால் என் வாழ்க்கையிலேயே உண்மையாக ஜெபித்த காலம் அதுதான் என்று இப்போது படுகிறது. அலங்காரம் இல்லாததால் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன். இயேசு சொன்ன உவமையில் வரி வசூலிக்கிற ஆயக்காரன் தூரத்தில் நின்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று சொன்னதும் ஒரே வரிதானே. பாறசாலை அண்ணன் வார்த்தை வராமல் எழுந்துபோகிற காலைகளை வீண் என்று எண்ண வேண்டாம்.

இனி அக்கா கேட்டதையே நானும் கேட்கிறேன். அண்ணன் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனாரா? காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" பிறகு வா என்று அறைவீட்டு வசனத்துக்கு முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது.

பாறசாலை விசுவாசி எழுதியது:

போகவில்லை. நாலரை மணிக்கு நான் கதவைப் பூட்டும் நேரத்தில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் என் வீட்டைக் கடந்துதான் தோட்டத்துக்குப் போகிறார். சன்னல் வழியாக வெளிச்சம் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

குளச்சல் கரையோரன் எழுதியது:

ஐயா, அதற்காக உங்களை நீங்களே வாட்டிக்கொள்ள வேண்டாம். ஆன்ம சோதனையின் நோக்கமும் அதுவன்று. நான் உங்கள் பக்கம் பேசினேன்; ஆசிரியை சொன்னதைப் படித்த பிறகு, தேவசகாயத்தின் கதையில் எருமைமேல் இருந்த அவரை மட்டும் பார்த்தேன், அவர் யார் பக்கத்தில் உட்கார்ந்ததால் அங்கே ஏற்றப்பட்டார் என்பதைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம் வழக்குரைஞர் எழுதியது:

போவதானால் ஒரு வேண்டுகோள். நாலாயிரம் ரூபாயைக் கவரில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். அது இரண்டாவது ஏலமாகிவிடும்.

பாறசாலை விசுவாசி எழுதியது:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை கதவைப் பூட்டாமல் வாசலில் நின்றேன். வெளிச்சம் வந்ததும் கூடவே நடந்தேன். ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியதால், ஊருக்கு முன்னால் பேசிய குரல் வாய்க்கவில்லை; நான் செய்தது தவறு, மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் வந்தது. அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அதெல்லாம் அன்னைக்கே போச்சு சாரே" என்றார். தாயார் ஆவணி மாதம் இறந்துவிட்டாராம். அடக்க ஆராதனைக்கு நான் போயிருக்கிறேன், முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். அது அவருடைய தாயார் என்று அன்று என் மனத்தில் பதியவே இல்லை. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் கடைசிவரை "சாரே" என்றுதான் கூப்பிட்டார். அதை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை.

நாலரை மணி ஜெபத்தை விடப் போவதில்லை, வழக்குரைஞர் தம்பி மன்னிக்க வேண்டும். ஆனால் புதிய செயலரிடம் ஒப்படைக்காமல் வீட்டிலேயே வைத்திருந்த இரண்டு கணக்குப் பேரேடுகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன்.

மார்த்தாண்டம் வழக்குரைஞர் எழுதியது:

பேரேடுகள் இன்னும் உங்களிடமா இருந்தன?