எங்கள் பள்ளிக்கு அருகே விற்கப்பட்ட புகையிலைப் பொட்டலங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பீடி, சிகரெட் என்றால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். இப்போது மாணவர்களிடம் புழங்குவது அப்படிப்பட்டதல்ல. புகையிலைத் தூளை மெல்லிய வெள்ளை உறையில் அடைத்து, புதினா மணம் சேர்த்து, விரல்நுனி அளவில் செய்திருக்கிறார்கள். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு பாடவேளை முழுவதும் உட்கார்ந்திருந்தாலும் வெளியே தெரியாது.

கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்லும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் சில வாரங்களாகத் தலையை மட்டுமே ஆட்டினான். தனியே அழைத்துப் பேசியபோது உதட்டை மடித்துக் காட்டினான். பொட்டலம் வைக்கும் இடத்தில் தோல் வெளுத்து, சுருக்கம் விழுந்து தடித்திருந்தது. "பல்லு வலிக்கு நல்லதுன்னு ஒரு அண்ணன் குடுத்தாரு சார்" என்றான்.

பொட்டலம் வந்த இடம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பெட்டிக்கடை. வெளியே பிஸ்கட்டும் கடலைமிட்டாயும்தான் தொங்கும். பழகிய முகம் வந்தால் மட்டும் கீழேயிருந்து ஒரு டப்பா மேலே வரும். முழுப் பாக்கெட் வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்து, கடனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். கடன் ஏறியவன் புதிதாக ஒருவனை அழைத்து வந்தால் பாக்கியில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்களாம். இதைக் கேட்டபோது எனக்கு உண்டான ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சட்டம் இல்லாமலா இது நடக்கிறது? கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக்கூடாது என்றும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு எங்குமே விற்கக்கூடாது என்றும் 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. ஆனால், அதை மீறினால் அதிகபட்ச அபராதம் 200 ரூபாய்தான். குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் விதிக்கப்பட்ட தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. உதட்டில் ஒதுக்கும் இத்தகைய புகையிலைப் பொட்டலமான 'கூல் லிப்'புக்குப் பள்ளிப் பிள்ளைகள் அடிமையாவதைக் கண்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதை நாடு முழுவதும் ஏன் தடைசெய்யக் கூடாது என்று 2024இல் மத்திய அரசைக் கேட்டது. இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு: குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பள்ளிக் கூட்டத்தில், பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதே என்ற அவர்களுடைய கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால், பள்ளியை விட்டு நீக்கப்பட்டவன் பகல் முழுவதும் அந்தக் கடை வாசலில்தான் நிற்பான். விற்றவரைப் பற்றி வாய்திறக்கத் துணிந்த பிள்ளையைத் தண்டித்தால் அடுத்தவன் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். தலைமையாசிரியர் இதை ஏற்றுக்கொண்டார். 77ஆவது பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நகல் அனுப்பினோம். கடைக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு மட்டும் அபராதத்தோடு முடிந்தது. பிறகு, இருசக்கர வாகனத்தில் வந்து சந்துமுனையில் கைமாற்றுகிறார்கள் என்று மாணவர்களே வந்து சொன்னார்கள்.

பையனை அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்கு அவனுடைய அம்மா அழைத்துப் போனார். பழக்கத்தை விட்டால் வெண்படலம் மெல்ல மறையும், விடாவிட்டால் புற்றுநோயாக மாறவும் வாய்ப்புண்டு என்று மருத்துவர் விளக்கினார். முதல் வாரம் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை என்று மிகவும் தவித்தான். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய ஆலோசனை எண்ணைப் பற்றியும் அவர்களிடம் சொன்னேன்.

உங்கள் ஊரில் எவரேனும் 77ஆவது பிரிவின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவாகும் வரை கொண்டுசென்றிருந்தால், புகாரை எப்படி எழுதினீர்கள், பையனின் பெயர் வெளிவராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த புகாரை நாங்கள் இந்த மாதமே கொடுக்கவிருக்கிறோம்.